பதினைந்து மில்லிமீட்டர்

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. இருந்திருந்தாலும் திறக்க மாட்டார்கள். திரையில் நிழல் நிழலாகத் துடிக்கும் இதயத்தைப் பார்க்க இருட்டுதான் வேண்டும். ஒரு கட்டில், ஒரு சுழல் நாற்காலி, ஒரு எக்கோ மெஷின், சட்டையைக் கழற்றி மாட்ட ஓர் ஆணி. அவ்வளவுதான் அறை. அந்த நாற்காலியில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கும் டெக்னீஷியனை ஆஸ்பத்திரியில் எல்லோரும் மில்லி என்றே கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது.

பெயர் வந்த கதை சின்னது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு நோயாளியின் இதயச் சுவர் பதினொரு மில்லிமீட்டர் என்று எழுதிக் கொடுத்தாள். அன்றிருந்த டாக்டர் பன்னிரண்டு என்றார். பதினொன்றுதான் சார் என்று இவள் நின்றாள். நோயாளி வேறொரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் அளந்து வந்தார், அங்கேயும் பதினொன்று. அன்றிலிருந்து அவள் மில்லி. டாக்டர்கள் மாறினார்கள், மெஷின் இரண்டு முறை மாறியது, பெயர் மாறவில்லை. இப்போதிருக்கும் இதய டாக்டர் அவள் எழுதிய ரிப்போர்ட்டில் படத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போடுவார். மில்லி எழுதினால் கல்லில் எழுதின மாதிரி என்பார். அது பாராட்டு என்று முதலில் நினைத்தாள். அவருக்கும் களைப்புதான் என்று போகப் போகப் புரிந்தது.

ஒரு நாளைக்கு முப்பது பேர், சில நாள் முப்பத்தைந்து. ஒவ்வொருவரிடமும் அதே வார்த்தைகள்: இடது பக்கம் திரும்பிப் படுங்க, கையைத் தலைக்கு மேல வைங்க, மூச்சை விடுங்க, அப்படியே நிறுத்துங்க. நோயாளியின் மார்பைச் சுற்றிக் கையை நீட்டி, அளவுக்கருவியை விலா எலும்புகளுக்கு நடுவே அழுத்திப் பிடித்தபடி இருக்க வேண்டும். பத்தொன்பது வருடம் அப்படிப் பிடித்ததில் வலது தோள்பட்டை போய்விட்டது. தலை வாரக்கூட இடது கைதான். அவள் கணவர் வீடுகளுக்கு டைல்ஸ் ஒட்டுகிறவர். அவருக்கு முழங்கால் போய்விட்டது. நம்ம ரெண்டு பேரையும் சேர்த்தா ஒரு முழு ஆள் தேறும் என்று அவர் அடிக்கடி சொல்வார். தூக்கத்தில் அவள் மூச்சை விடுங்க, நிறுத்துங்க என்று முணுமுணுப்பாளாம். மறுநாள் காலையில் அவர் காபியை நீட்டிக்கொண்டே, "இப்ப நான் விடலாமா, இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கணுமா?" என்று கேட்பார். அவளுக்குச் சிரிப்பு வரும். ஆனால் சிரிக்கவும் தெம்பு வேண்டியிருந்தது.

அவள் அளப்பது பல. அதில் எல்லோரும் கேட்பது சுவரின் தடிப்பைத்தான். இதயத்தில் இடது கீழறைதான் உடம்பு முழுக்க ரத்தத்தைத் தள்ளுகிறது. அந்த அறைக்கும் பக்கத்து அறைக்கும் நடுவே ஒரு சுவர், பின்னால் ஒரு சுவர். நன்றாக இருக்கிறவர்களுக்கு இவை பத்து மில்லிமீட்டருக்கு மேல் போவதில்லை. பெண்களுக்கு ஒன்பதுக்குள் நின்றுவிடும். ஒரு விரலின் பருமன்கூட இல்லை. தடித்த சுவர் என்றால் பலமான சுவர்தானே என்று நோயாளிகள் கேட்பார்கள். மில்லி தன் கையை மடக்கிக் காட்டுவாள். மூட்டை தூக்குகிறவருக்குப் புஜம் பருக்கிற மாதிரி, ரத்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளிச் சுவர் பருக்கிறது. புஜம் பருத்தால் சட்டையை மாற்றிக்கொள்ளலாம். இதயம் உள்பக்கமாகவும் பருக்கும்; ரத்தம் நிற்கிற இடம் குறையும், சுவர் விறைத்துப்போகும். சிலருக்கு அழுத்தமே இல்லாமல், வம்சத்தில் ஓடிவருகிற கோளாறினாலும் சுவர் தடிக்கும். பதினைந்தைத் தொட்டுவிட்டால் டாக்டர்கள் அந்த இரண்டாவதை நினைக்கத் தொடங்குவார்கள்.

இன்னொன்றும் உண்டு. அதை நோயாளிகள் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. இதயம் துடிக்கிறது. இறுகும்போது சுவர் பருக்கும், தளரும்போது மெலியும். மடக்கிய கையையும் நீட்டிய கையையும் ஒரே அளவாகச் சொல்ல முடியாதல்லவா. அதனால் இதயம் ரத்தத்தால் நிரம்பி, இறுகத் தொடங்குவதற்கு முந்தைய அந்தக் கணத்தில்தான் அளக்க வேண்டும். அந்தக் கணத்தைக் காட்டிக் கொடுப்பது ஈசிஜி ஒயர். மார்பில் மூன்று ஒட்டுகள் ஒட்டி ஒயரை மாட்டினால் திரையின் அடியில் ஒரு பச்சைக் கோடு ஓடும். கோடு குத்தென்று எழும்பும் இடத்தில் படத்தை நிறுத்தினால் சரி.

அந்த ஒயர் அறுந்துபோனது. மெஷினை நகர்த்தும்போது சக்கரத்தில் மாட்டிக் கிழிந்தது. மில்லி எழுதிக் கொடுத்தாள். ஒரு வாரம் கழித்து மறுபடி எழுதினாள். ஸ்டோரில் கேட்டால் சொல்லியாச்சு என்றார்கள், யாரிடம் என்று கேட்டால் மேலே என்றார்கள். செவிடன் காதில் ஊதிய சங்கு. ஒயர் இல்லாமலும் அளக்கலாம். திரையில் தெரியும் வால்வுகளைப் பார்த்துக் கணிக்க வேண்டும். ரத்தம் உள்ளே வரும் கதவு மூடுகிற நேரம் பார்த்து நிறுத்தினால் அதுதான் அந்தக் கணம். பழகிய கண்ணுக்குப் பெரிய விஷயமில்லை. ஒயர் இல்லாமல் ஐந்து வாரம் ஓடியது.

பஸ் டிரைவர் வந்தது மூன்றாவது வாரத்தில். நாற்பத்தாறு வயது, கனத்த தோள்கள், சீருடையில் நேராக வேலையிலிருந்து வந்திருந்தார். வருடாந்திர உடல் பரிசோதனையில் ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது என்று எக்கோவுக்கு அனுப்பியிருந்தார்கள். அன்று அவர் முப்பத்து மூன்றாவது ஆள். சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, "இருபத்திரண்டு வருஷமா வண்டி ஓட்றேன் மேடம், ஒரு ஹார்ன் சத்தத்துக்குக்கூட இது பதறினதில்ல" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினார். படத்தை நிறுத்துகிற நேரத்தில் அவருக்கு இருமல் வந்தது. படம் எகிறியது. அவள் மெஷினிலிருந்த உருளைப் பந்தைச் சுழற்றிச் சில படங்கள் பின்னால் போனாள். சுவர் தெளிவாகத் தெரிந்த ஒரு படத்தில் நிறுத்தி, இந்த ஓரத்தில் ஒரு கூட்டல் குறி, அந்த ஓரத்தில் ஒரு கூட்டல் குறி வைத்தாள். பதினைந்து. பின்சுவர் பதினான்கு. ஒரு நொடி யோசித்தாள். தோள் விண்விண் என்று தெறித்தது. வெளியே இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். எழுதிவிட்டாள்.

டாக்டர் கையெழுத்துப் போட்டார். அழுத்தம் கொஞ்சமே கூடியிருக்கும்போது பதினைந்து என்றால் வம்சக் கோளாறாக இருக்கலாம், பெரிய ஸ்கேன் எடுத்துப் பார்க்கும்வரை வண்டி ஓட்டக் கூடாது, பெற்ற பிள்ளைகளையும் சோதிக்க வேண்டும் என்று எழுதினார். அழுத்தத்துக்கு மாத்திரையும் கொடுத்தார். அந்த ஸ்கேனுக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். டிரைவரை பஸ் டிப்போவின் வாசலில் நிறுத்தினார்கள். உள்ளே வரும் வண்டிக்குச் சங்கிலியை இறக்குவது, வெளியே போகும் வண்டிக்குச் சங்கிலியை இறக்குவது. இருபத்திரண்டு வருடம் அவர் ஓட்டிய வண்டியை வேறொருவர் ஓட்டிக்கொண்டு வெளியே போகும்போதும் அவர்தான் சங்கிலியை இறக்க வேண்டும்.

இதெல்லாம் மில்லிக்குத் தெரியாது. எழுதிய எண்கள் கதவைத் தாண்டிப் போனபின் எங்கே போகின்றன என்று அவள் கேட்பதில்லை. கேட்டால் முப்பது பேரைப் பார்க்க முடியாது.

இரண்டு மாதம் கழித்து அவர் மறுபடி வந்தார், இந்த முறை தன் மகளோடு. மகளுக்குப் பதினெட்டு வயது. சோதனை அவளுக்குத்தான். அப்பாவைப் பார்த்தால் இளைத்திருந்தார். உள்ளே வரலாமா என்று கேட்டுக்கொண்டு சுவரோரம் நின்றார். போன முறை நெஞ்சைத் தட்டிக் காட்டிய கை இப்போது மகளின் பையைப் பிடித்துக்கொண்டிருந்தது. மெஷினுக்குப் புது ஒயர் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. பச்சைக் கோடு ஒழுங்காக ஓடியது. மகளின் சுவர் எட்டு மில்லிமீட்டர்.

நல்லா இருக்கு என்று மில்லி சொன்னதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள்கள் மட்டும் ஒருமுறை குலுங்கின. பிறகு மெதுவாகக் கேட்டார்:

"இப்ப எட்டு. ஆனா வளர வளர வருமாமே மேடம். என்கிட்டேருந்துதான போயிருக்கும்?"

வருடா வருடம் வந்து பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். மகளுக்கு அழுகை எதுவும் இல்லை. வாயாடி. "அப்பாகிட்டேருந்து மூக்கு வந்துது, கோபம் வந்துது, இதுவும் வந்தா என்னப்பா, மொத்தக் குடும்பச் சொத்தும் எனக்குத்தான்னு வெச்சுக்கறேன்" என்றாள். பிறகு மில்லியிடம் திரும்பி, "அக்கா, அப்பாவோடத ஒரு தடவ காட்டுவீங்களா? என்னோடதுக்கும் அவரோடதுக்கும் என்ன வித்தியாசம்னு பாக்கணும்" என்றாள்.

மில்லி பழைய பதிவைத் தேடி எடுத்தாள். அவள் வைத்த இரண்டு கூட்டல் குறிகளோடு, பதினைந்து என்ற எண்ணோடு, அந்தப் படம் திரையில் வந்து நின்றது. விரலால் சுவரைக் காட்டி, பாரு, இதுதான் என்று ஆரம்பித்தாள். விரல் பாதியில் நின்றது.

உள்ளே வரும் கதவு மூடியிருந்தது. அது சரி. ஆனால் வெளியே போகும் கதவு திறந்திருந்தது. நன்றாக, அகலமாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் திறந்திருந்தது. இதயம் ரத்தத்தை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்போதுதான் அந்தக் கதவு திறக்கும். அதாவது இறுகிய இதயம். அவள் அளந்தது மடக்கிய கையை.

"என்னக்கா?"

"ஒண்ணும் இல்லம்மா. வெளில உக்காருங்க, கூப்பிடறேன்."

அவர்கள் போனபின் மில்லி இருட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கியது யானை, நசுங்கியது வேறொருவர். படத்தை மெல்ல முன்னால் நகர்த்தினாள். சில படங்கள் தள்ளி, வெளிக்கதவு மூடி, உள்கதவு மூடும் தறுவாயில் இருக்கும் அந்தக் கணம் அங்கேயே இருந்தது. இரண்டு மாதமாக அங்கேயே இருந்திருக்கிறது. அதில் குறி வைத்துப் பார்த்தாள். பதினொன்று.

எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். "அண்ணா, நீங்க வாங்க. சட்டையைக் கழட்டிட்டுப் படுங்க."

எதற்கு என்று அவர் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு நடந்து நடந்து, படு என்றால் படுக்கப் பழகியிருந்தார். ஒட்டுகளை ஒட்டி, பச்சைக் கோடு நிதானமாக ஓடும்வரை காத்திருந்தாள். ஐந்து துடிப்புகளில் ஐந்து முறை அளந்தாள். நடுச்சுவர் பதினொன்று, பதினொன்று, பதினொன்று, பத்தரை, பதினொன்று. பின்சுவர் பத்து. இது வம்சக் கோளாறு அல்ல. கவனிக்காமல் விட்ட ரத்த அழுத்தத்தில் லேசாகத் தடித்த சுவர். மாத்திரை போட்டால் கட்டுக்குள் நிற்கும். இந்தச் சுவரோடு ஊரில் பாதிப் பேர் வண்டி ஓட்டுகிறார்கள்.

டாக்டரின் அறைக்கு இரண்டு படங்களையும் அச்செடுத்துக்கொண்டு போனாள். அவர் முதலில் இன்றைய எண்ணை மட்டும் பார்த்தார். நல்லது, குறைந்திருக்கிறது என்றார். குறையவில்லை சார், அன்றைக்கே இதுதான் என்று சொல்லி, பழைய படத்தில் திறந்திருந்த கதவைக் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவருக்கு அவள்மேல் கோபம் இல்லை என்று தெரிந்தது. தான் படத்தைத் திறந்தே பார்க்காதது அவருக்கும் ஞாபகம் வந்திருக்கும். கடைசியில், மாத்திரையில் குறைந்தது என்று எழுதிவிடலாமே, எல்லோருக்கும் நல்லதுதானே என்றார்.

மில்லிக்கும் அந்த எண்ணம் வராமல் இல்லை. மாடியேறி வரும்போதே வந்தது. அப்படி எழுதினால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஆனால் பஸ் கம்பெனியின் கையில் பதினைந்து என்ற காகிதமும் பதினொன்று என்ற காகிதமும் இருக்கும். எது உண்மை என்று தெரியும்வரை ஸ்கேன் எடு என்பார்கள். அவர் இன்னும் சங்கிலியைத்தான் பிடித்துக்கொண்டிருப்பார். அதோடு அந்தப் பெண்ணின் தலையில் எழுதிய வம்சக் கோளாறு அப்படியே நிற்கும். வருடா வருடம் வருவாள். நாளைக்கு அவளுக்குப் பிள்ளை பிறந்தால் அதையும் தூக்கிக்கொண்டு வருவாள்.

"இரண்டு மாசத்துல நாலு மில்லி எந்தச் சுவரும் குறையாது சார். பழைய அளவு தப்புன்னு எழுதணும். என் கையெழுத்துலயே எழுதறேன்."

"எழுதினா அது உங்க ஃபைலுக்குப் போகும் மில்லி. அதோட நிக்காது. ஒயர் இல்லாத அத்தனை நாளையும் மறுபடி பாருன்னு சொல்வாங்க."

"பாக்கணும்தான் சார்."

சொன்னபிறகுதான் அதன் பாரம் தெரிந்தது. ஐந்து வாரம், ஏறக்குறைய தொள்ளாயிரம் பேர்.

முதலில் டிரைவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவர் வெளியே பெஞ்சில் மகளோடு உட்கார்ந்திருந்தார். மில்லி நின்றுகொண்டே சொன்னாள். எந்தக் கணத்தில் அளக்க வேண்டும், எந்தக் கணத்தில் அளந்தாள் என்று, நோயாளிகளுக்குக் காட்டும் அதே கையை மடக்கியும் நீட்டியும் காட்டினாள். தப்பு என்னுடையது என்றாள். ஒயரைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள், அடக்கிக்கொண்டாள். உங்கள் பெண்ணுக்கு இதில் ஒன்றும் இல்லை, அவள் வருடா வருடம் வரவேண்டியதில்லை என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னாள். அவர் அந்த இரண்டாவது முறையில்தான் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப அவளுக்கு என்னால ஒண்ணும் இல்ல."

"இல்லண்ணா."

அவர் எழுந்து போனார். மகள்தான் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தாள். அது நன்றியா, வேறெதுவுமா என்று மில்லிக்குத் தெரியவில்லை.

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் முழங்காலில் ஒத்தடத் துணியை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். நாலு மில்லிதானே, எங்கள் வேலையில் அதைச் சிமெண்டில் அடைத்துவிடுவோம் என்றார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும், துணியை எடுத்து அவளுடைய தோளில் வைத்தார்.

ஃபைலுக்கு ஒரு காகிதம் போனது. டாக்டர் சொன்னபடியே அதோடு நிற்கவில்லை. தினமும் வேலை முடிந்தபின் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பழைய படங்களைப் பார்க்கும்படி உத்தரவு வந்தது. ஒரு நாளைக்கு இருபத்தைந்து பேர், முப்பது பேர். வெளிக்கதவு மூடியிருக்கிறதா, மூடியிருக்கிறது, அடுத்தது. மூடியிருக்கிறது, அடுத்தது. வரவேற்பு மேஜைக்காரி வாய் சும்மா இருக்காது. "இனிமே மில்லின்னு கூப்பிடக் கூடாதாமே, சென்டின்னு கூப்பிடணுமாமே" என்று போகிறபோது வருகிறபோது சொல்வாள். எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க எனக்குக் கழுத்து வலிக்கிறது என்று மில்லி பதில் சொன்னாள். டாக்டர் இப்போது ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் படத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார். அதனால் ரிப்போர்ட் வரத் தாமதமாகிறது, நோயாளிகள் அவளைத்தான் திட்டுகிறார்கள்.

எழுநூறு பேரைப் பார்த்து முடித்ததில் இன்னும் இரண்டு பிழைகள் கிடைத்தன. ஒன்றில் ஒரு மில்லி, மற்றதில் இரண்டு. இரண்டுமே யாருடைய வேலையையும் பறிக்காதவை. என்றாலும் இருவரையும் போனில் கூப்பிட்டு வரச் சொன்னாள். ஒருவர் வந்தார். மற்றவருக்கு நேரமில்லையாம்.

டிரைவர் ஒரு மாதம் கழித்து வந்தார். பஸ் கம்பெனிக்கு வேண்டிய காகிதம் எல்லாம் போய்ச் சேர்ந்து, போன திங்கட்கிழமையிலிருந்து மறுபடி வண்டி ஓட்டுகிறாராம். அழுத்தத்தைச் சோதிக்க டாக்டரிடம் வந்தவர், போகிற வழியில் இருட்டறையின் கதவைத் தட்டினார். உள்ளே வரவில்லை. நிலைப்படியில் நின்றார்.

"மூணு மாசம் கேட்ல நின்னேன் மேடம். கூட வேலை பார்த்தவனெல்லாம் என்னண்ணே, இதயம் கொழுத்துப் போச்சாமேன்னு கேட்டான். கோபம் இல்லன்னு சொன்னா அது பொய்."

"இருக்கணும்தான்" என்றாள் மில்லி.

அவர் சட்டைப் பையிலிருந்து மாத்திரைப் பட்டையை எடுத்துக் காட்டினார். "மாத்திரை போடறேன். பொண்ணு விடமாட்டேங்கறா, பட்டையை எண்ணிப் பாக்கறா" என்றார்.

"அவள எண்ணச் சொல்லுங்க. பதினொண்ணு பத்தாகலன்னாலும் பரவாயில்ல, பன்னிரண்டாகக் கூடாது."

சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். படியிறங்கும் செருப்புச் சத்தம் சீராகக் கேட்டது.

கட்டிலில் அடுத்த நோயாளி சட்டையில்லாமல் காத்திருந்தார். மில்லி மூன்று ஒட்டுகளையும் ஒட்டி ஒயரை மாட்டினாள். பச்சைக் கோடு நடுங்கி, ஓடி, நிதானப்பட்டது. அவள் உடனே படத்தை நிறுத்தவில்லை. ஐந்து துடிப்புகள் போகட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது பிரச்சினையா மேடம், இவ்வளவு நேரமாகிறதே என்று அவர் கேட்டார். ஒன்றும் இல்லை என்றாள். வலது தோளைக் கொஞ்சம் தளர்த்தி, மறுபடி அழுத்திப் பிடித்தாள்.

"மூச்சை விடுங்க. அப்படியே நிறுத்துங்க."

வெளியே பெஞ்சில் பதினோரு பேர் இருந்தார்கள். மெஷினுக்குள் இன்னும் இருநூறு பேர்.